கூழைக்கடா விருந்தும் பாதி மொட்டையும்

சோணங்குடிக்கு வழி கேட்டுப் பாருங்கள். யாரும் உடனே சொல்ல மாட்டார்கள். முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஊருக்கா? நேராப் போங்க" என்பார்கள். நேராகப் போனால் ரோடு கண்மாய்த் தண்ணீருக்குள் போய் முடியும். ரோடு வளையாமல் இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு காலத்தில் சொல்லியிருந்தார்கள். சோணங்குடிக்காரர்கள் ஒரு சொல் கேட்டால் கேட்டதுதான்.

அந்த ஊரில் வெள்ளைக்கண்ணு என்று ஒருவன். முப்பது தாண்டியவன், நல்ல உழைப்பாளி, குடியில்லை, சீட்டில்லை. இருந்தும் பெண் கிடைக்கவில்லை. பெண் வீட்டில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்பார்கள். சோணங்குடி என்றதும் தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். கடைசியில் இலுப்பையேந்தல் செவத்தையா தன் மகள் அழகுநாச்சியைத் தருவதற்கு ஒப்புக்கொண்டார். அவர் ஆசைப்பட்டு ஒப்புக்கொள்ளவில்லை, மகள் சொன்னாள் என்று ஒப்புக்கொண்டார். அழகுநாச்சி அவனைச் சந்தையில் பார்த்திருந்தாள். ஆட்டுக்குட்டி விற்க வந்தவன், வாங்கியவர் கூடவே அவர் வீடு வரை நடந்துபோய், குட்டிக்கு எந்த இடத்தில் சொறிந்தால் பிடிக்கும் என்று காட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

சம்பந்தம் அமைந்தால் மொட்டை போடுவதாக வெள்ளைக்கண்ணு கண்மாய்க்கரை அய்யனாருக்கு நேர்ந்திருந்தான். தைக்குள் முடி கொஞ்சமாவது வளர வேண்டும் அல்லவா. அதனால் கார்த்திகை பிறந்ததுமே, கரைப் புளியமரத்தடியில் அய்யாவு முன்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தான். ஊருக்கே முடிவெட்டுகிறவர் அய்யாவு. இடது பாதியை வழித்து முடித்து, வலது பாதிக்குத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு பைக் வந்து நின்றது.

வந்தவர் வனத்துறையில் வேலை பார்க்கும் ரோஸ்லின். ஊர்ப் பெரியவர் மாசானம் தன் வீட்டு இரும்பு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். டீ வந்தது. ஊரே கூடி நின்றது. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாக்கள் வந்து இறங்கியிருந்ததை ரோஸ்லின் காட்டினார். பையைத் தொங்கவிட்ட மாதிரி அலகு, பெரிய உடம்பு. ஊர்க்காரர்கள் பார்த்திருந்தார்கள்தான், ஆனால் யாரும் காட்டிப் பார்த்ததில்லை.

"வர வரக் குறைஞ்சுக்கிட்டே போற பறவைங்கய்யா இது. இந்த வருசம் உங்க கண்மாயை நம்பி வந்திருக்கு. நம்ம வீட்டு விருந்தாளியா நெனைச்சுக்கங்க. சத்தம் போடாதீங்க. எதையும் மாத்தாதீங்க, இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும். அதுக குஞ்சு பொரிச்சுக் கெளம்பிப் போற வரைக்கும்தான். உங்களை நம்பித்தான் போறேன். போயிட்டு வர்றேன்."

பைக் போய்விட்டது. கூட்டம் அசையவில்லை. உங்களை நம்பிப் போகிறேன் என்று சோணங்குடியைப் பார்த்து இதற்கு முன் ஒருவரும் சொன்னதில்லை. மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் மூக்கைச் சிந்தப் போனவர், சத்தம் கூடாது என்பது ஞாபகம் வந்து, அப்படியே உறிஞ்சிக்கொண்டார்.

அய்யாவு கத்தியை எடுத்தார்.

"என்ன செய்யிற?" என்று மாசானம் கிசுகிசுத்தார்.

"மிச்சத்தை வழிக்கணும்ல."

"இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும்னு அந்தம்மா இப்பத்தானே சொல்லிட்டுப் போனாக."

அய்யாவு வெள்ளைக்கண்ணுவின் தலையைப் பார்த்தார். அது இருக்கிறபடி இருந்தது. கத்தியை மடக்கிப் பெட்டிக்குள் வைத்தார். தனக்குத் தையில் கல்யாணம் என்று வெள்ளைக்கண்ணு கெஞ்சினான். மாசானம் அவன் தோளைத் தட்டி, உன் தலை ஒன்று, பறவை எத்தனை என்று கேட்டார்.

இது இங்கே முடிந்திருந்தால் நான் ஏன் சொல்ல வருகிறேன். முடி சும்மா இருக்குமா? இடது பக்கம் முளைக்கத் தொடங்கியது. முளைத்தால் இருந்தபடி இல்லையே. ஆகவே அய்யாவு வாராவாரம் வந்து இடது பாதியை மழமழவென்று வழித்து, வலது பாதியில் வளர்ந்த அளவை மட்டும் கத்தரித்துவிட்டுப் போனார். முழு மொட்டை என்றால் ஒருநாள் வேலையோடு போயிருக்கும், இப்போது இடுப்பு ஒடிகிறது என்று அவர் அலுத்துக்கொண்டார்.

ஊர் முழுக்க இதே கதைதான். கரையில் சக்கரம் கழற்றிப் போட்டிருந்த வண்டி சக்கரம் இல்லாமலே நின்றது. மாசானம் இரவல் வாங்கி வந்திருந்த ஏணி மாசானம் வீட்டிலேயே இருந்தது. இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்பதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. கோயில் மணியின் நாக்கில் பழந்துணி சுற்றினார்கள். சேவல்களைப் பற்றி மட்டும் பெரிய விவாதம் நடந்தது. அலகைக் கட்டினால் பாவம் என்றார் ஒருவர். விடிந்தது தெரிந்தால்தானே கூவும், தெரியாமல் செய்துவிடலாம் என்றார் இன்னொருவர். எல்லாச் சேவலையும் கூடை போட்டுக் கவிழ்த்தார்கள். மறுநாள் சேவல் கூவவில்லை, அதனால் ஊரும் எழுந்திருக்கவில்லை. வெயில் முதுகில் சுட்ட பிறகும், இன்னும் கூவலையே என்று புரண்டு படுத்தார்கள்.

சண்டைகூடக் கிசுகிசுப்பில்தான். ஓரகத்திகள் இருவர் குழாயடியில் மெல்லிய குரலில் திட்டிக்கொண்டார்கள். என்ன திட்டுகிறார்கள் என்று கேட்க ஊர் நெருங்கி வர வேண்டியிருந்தது. கிட்டே வந்தவர்களுக்கு இடம் போதாமல் அங்கே இன்னொரு சண்டை மெதுவாக ஆரம்பித்தது.

தை வந்தது. கூழைக்கடாக்கள் கூடு கட்டி அடைகாத்துக்கொண்டிருந்தன. அய்யனார் கோயில் முன்னால் பந்தல் போட்டு, பெண் வீட்டாரை வரவேற்க ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

செவத்தையா மாப்பிள்ளையைப் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தால் மொட்டை. சுற்றிப்போய் மறுபக்கம் பார்த்தால் சுருட்டை முடி. "என்னய்யா இது கோலம்" என்று அவர் குரல் எழுப்பியதும் ஊர் மொத்தமும் உதட்டில் விரலை வைத்து உஸ் என்றது. மனிதர் கோபத்தையெல்லாம் கிசுகிசுப்பாகக் கொட்டினார். என்ன கோபமாக இருந்தாலும் கிசுகிசுத்தால் ரகசியம் மாதிரி ஆகிவிடுகிறது. சம்பந்தி, மாசானத்திடம் ஏதோ அந்தரங்கமாகப் பேசிச் சந்தோஷப்படுகிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

நாயனக்காரர் வெளியூர்க்காரர். ஊதக் கூடாது, ஆனால் கல்யாணம் என்றால் நாயனம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர் சீவாளியைக் கழற்றிவிட்டுக் கன்னத்தை உப்பி உப்பி, நிஜமாக ஊதுவதைவிட அதிகமாக வியர்த்தார். தவில்காரரின் கைகள் தோலுக்கு ஒரு விரல் மேலே ஓடின. மாசானம் ஐயர் காதில், ஐயர் தவில்காரர் காதில், கெட்டிமேளம் என்று சொன்னார்கள். கை பழக்கதோஷத்தில் இறங்கப் போனது. நாலு பேர் பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அமளிக்கு நடுவில், சத்தமே இல்லாமல், வெள்ளைக்கண்ணு தாலியைக் கட்டி முடித்தான். அவன் தலையைப் பார்க்காமல் இருக்க அழகுநாச்சி ரொம்பப் பாடுபட்டாள்.

பந்திக்கு இலை விழுந்தது. பெண் வீட்டார் உட்காரப் போனார்கள். மாசானம் குறுக்கே வந்து நின்றார்.

"மொதப் பந்தி விருந்தாளிகளுக்கு."

"நாங்கதான்யா விருந்தாளி."

"நீங்க சம்பந்தி. விருந்தாளி அங்க இருக்காக."

கண்மாய்க் கரையோரம் நீளத்துக்கு வாழையிலை போட்டு, சோறும் சாம்பாரும் பாயசமும் பரிமாறியிருந்தது. கூழைக்கடாக்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வராத காரணம் என்ன என்று கூட்டம் யோசித்தது. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை, அதுதான் முறைப்பு என்றார் ஒருவர். ஓர் ஆள் தாம்பாளத்தோடு கழுத்தளவு தண்ணீரில் போய், மரத்துக்கு மரம் நீட்டிவிட்டு வந்தார். அப்போதும் வரவில்லை. தாய்மாமன் முறைக்கிற மாதிரி முறைக்கிறார்கள், யாராவது காலில் விழ வேண்டும் என்றார் மாசானம். பறவையின் காலில் மரமேறி எப்படி விழுவது என்பதில் பேச்சு நின்றுபோனது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. செவத்தையா எழுந்து மகளின் கையைப் பிடித்தார், வண்டியைக் கட்டச் சொன்னார். வெள்ளைக்கண்ணுவின் முகம் செத்துப்போனது.

அழகுநாச்சி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு மாசானத்தின் காதுக்கிட்டே போனாள்.

"மாமா, அவுக மீன் சாப்பிடுறவுக. சைவப் பந்தியில எப்படி உக்காருவாக? கண்மாய்லயே சாப்பிட்டுக்கிறோம், நீங்க உக்காருங்கன்னு சொல்றாக."

மாசானம் வெகுநேரம் யோசித்தார். பிறகு, இத்தனை மரியாதை தெரிந்த விருந்தாளிகளைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லி, பந்தியை ஆரம்பித்தார். செவத்தையாவுக்கு அந்த நிமிடத்தில் ஒன்று புரிந்தது. இந்த ஊரைத் தன் மகள் சமாளித்துக்கொள்வாள்.

சமாளிக்கிறவளுக்கும் ஒரு எல்லை உண்டு. சாப்பிட்டு முடித்ததும் அழகுநாச்சி புருஷனைத் தனியாகக் கூப்பிட்டாள். அவனை வேண்டாம் என்று தான் ஒருநாளும் சொல்லவில்லை என்றாள். "ஆனா ஒரு பக்கம் ஒருத்தரோடயும் மறுபக்கம் இன்னொருத்தரோடயும் என்னால குடும்பம் நடத்த முடியாதுங்க. தலை ஒரே தலையா ஆகட்டும், வர்றேன்." சொல்லிவிட்டு அப்பாவோடு வண்டியேறிவிட்டாள்.

அன்றிலிருந்து, கூழைக்கடாக்கள் எப்போது போகும் என்று ஏங்கிய ஒரே ஆள் வெள்ளைக்கண்ணு. அவனைத்தான் ஊர் காவலுக்கும் போட்டது. எப்படியும் அவன் பார்வை அங்கேதான் இருக்கிறது என்பது மாசானத்தின் கணக்கு. குஞ்சுகள் வளர்ந்தால்தானே பறக்கும், பறந்தால்தானே மொட்டை முடியும், முடிந்தால்தானே அவள் வருவாள். அதனால் அவன் கண்மாயில் ஒருவரையும் வலை வீச விடவில்லை. மீனெல்லாம் என் வீட்டுக்காரி வருகிற வழி என்று சொல்லிவிட்டான்.

ஒருநாள் காற்றில் ஒரு குஞ்சு கூட்டிலிருந்து தண்ணீரில் விழுந்தது. கரையில் நாய்கள் வந்து நின்றன. ஊர் கூடி விவாதித்தது. விழுந்தது விழுந்தபடி இருக்க வேண்டுமா, விழுவதற்கு முன்னால் இருந்தபடி இருக்க வேண்டுமா என்று இரண்டு கட்சி பிரிந்தது. இரண்டும் நியாயமாகப் பட்டதால் முடிவு ஆகவில்லை. விருந்தாளி வீட்டுப் பிள்ளை விழுந்தால் பார்த்துக்கொண்டா நிற்போம் என்று வெள்ளைக்கண்ணு தண்ணீரில் இறங்கினான். குஞ்சைத் துண்டில் ஏந்தி, முள் கிழிக்கக் கிழிக்க மரமேறி, கூட்டில் விட்டான். கீழே இறங்கியபோது அவனுக்கு அழுகை வந்தது. முள் குத்தியதால் இல்லை. இவையெல்லாம் போய்விட்டால் கண்மாய் எப்படி வெறிச்சென்று இருக்கும் என்று முதல்முறையாகத் தோன்றியது.

வைகாசியில் போய்விட்டன. ஒரு காலையில் கூட்டங்கூட்டமாக எழும்பி, கண்மாயை ஒரு வட்டம் போட்டு, கிழக்கே பறந்து மறைந்தன. வெள்ளைக்கண்ணு மேலே பார்த்துக் கையாட்டிவிட்டு, அதே ஓட்டத்தில் அய்யாவு முன்னால் போய் உட்கார்ந்தான். அய்யாவு கத்தியை விரித்தார்.

"கொஞ்சம் பொறு" என்று கிசுகிசுத்தார் மாசானம். "போயிட்டாகன்னு எப்படித் தெரியும்?"

"பறந்து போனதை ஊரே பாத்துச்சே மாமா."

"வீட்டுக்கு வந்த விருந்தாளி கெளம்பினா என்ன சொல்லிட்டுக் கெளம்புவாக?"

"போயிட்டு வர்றோம்னு சொல்லுவாக."

"இவுக சொன்னாகளா?"

யாரிடமும் சொல்லவில்லை என்பது உண்மைதான். சொல்லிக்கொள்ளாமல் போகிற அளவுக்கு நம்ம வீட்டில் என்ன குறை என்று மாசானம் கேட்டார். எனவே அவர்கள் போகவில்லை, எங்கோ அக்கம்பக்கம் போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்று முடிவானது. அய்யாவு இடது பாதியை மட்டும் வழித்துவிட்டார். அன்றைக்கு வாரமுறை நாள்.

மறுவாரம் ரோஸ்லின் வந்தார். இரும்பு நாற்காலி வந்தது, டீ வந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒரு குஞ்சுகூடச் சாகாத கண்மாய் இது ஒன்றுதான் என்று அவர் மனம் நிறைந்து சொன்னார். பிறகுதான் வெள்ளைக்கண்ணுவின் தலை கண்ணில் பட்டது. என்ன என்று கேட்டார். மாசானம் ஆதியோடந்தமாக விளக்கிவிட்டு, பணிவாக ஒன்று கேட்டார்.

"உங்ககிட்டயாவது சொல்லிட்டுப் போனாகளாம்மா?"

ரோஸ்லின் டீயைக் கீழே வைத்தார். மாசானத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் பைக்கை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டார்.

ஊர் நாற்காலியைப் பார்த்தது.

போயிட்டு வர்றேன் என்று அந்த அம்மாவும் சொல்லவில்லை.

அப்புறம் என்ன, நாற்காலி புளியமரத்தடியிலேயே இருந்தது. அந்த வழியாகப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள். காலையும் மாலையும் டீ வைத்தார்கள். டீ அப்படியே ஆறியது, சர்க்கரை கூடிவிட்டதோ என்று குறைத்துப் பார்த்தார்கள். வெள்ளைக்கண்ணு தினமும் நாற்காலி முன்னால் கைகட்டி நின்று, மிச்சத்தை வழித்துக்கொள்ளலாமா அம்மா என்று கேட்டான். பதில் வரவில்லை. யோசிக்கிறார்கள், பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று சொல்ல மாட்டார்கள் என்று மாசானம் தேற்றினார்.

ஆனி பிறந்ததும் அழகுநாச்சி பொறுக்க முடியாமல் புறப்பட்டு வந்தாள். வெயிலில் நடந்து வந்த களைப்பில், புளியமரத்தடியில் நாற்காலி காலியாகக் கிடக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டாள். ஊருக்கு மூச்சு நின்றுவிட்டது.

"ஆத்தா, எந்திரி" என்று மாசானம் கெஞ்சினார். "அந்தம்மா மடியில உக்காந்திருக்க."

அழகுநாச்சி சுற்றிலும் பார்த்தாள். ஆறிப்போன டீயைப் பார்த்தாள். கைகட்டி நின்ற புருஷனின் தலையைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் பிடிபட்டது. எழுந்து நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். கொஞ்சநேரம் காதைச் சாய்த்துக் கேட்டாள், சரிங்கம்மா என்றாள்.

"பறவையெல்லாம் அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் போச்சாம். இவருக்கு மிச்சத்தையும் வழிச்சிரலாமாம்."

அய்யாவு ஒரு நொடி தாமதிக்கவில்லை. முழு மொட்டையாக எழுந்த வெள்ளைக்கண்ணுவின் தலையை அழகுநாச்சி இடமும் வலமுமாகத் தடவிப் பார்த்து, ஒரே ஆள்தான் என்று தெரிந்துகொண்டு, வீட்டுக்குள் வந்தாள். சேவல்களைக் கூடையிலிருந்து விட்டார்கள். அதுகளும் மத்தியானத்தில் கூவின.

இத்தோடு சுபம் போட்டுவிடலாம்தான். ஆனால் வெள்ளைக்கண்ணு சந்தோஷத்தில் அவசரப்பட்டு ஒரு காரியம் செய்திருந்தான். அழகுநாச்சி வீடு வந்து சேர்ந்தால் இன்னொரு மொட்டை என்று அய்யனாருக்கு நேர்ந்து வைத்திருந்தான். போட முடி வேண்டுமே. வளரட்டும் என்று காத்திருந்து, வளர்ந்து முடிந்தபோது மறுபடி கார்த்திகை வந்துவிட்டது.

புளியமரத்தடியில் அய்யாவு வேலையைத் தொடங்கினார். போன முறை இடது பக்கம் ஆரம்பித்தது ராசியில்லை என்று இந்த முறை வலது பக்கம் ஆரம்பித்தார். வலது பாதி முடிந்தபோது வானத்தில் இறக்கைச் சத்தம். முதல் கூழைக்கடாக்கள் கருவேல மரங்களில் வந்து இறங்கின. விருந்தாளிகள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று வெள்ளைக்கண்ணு குதித்தான். பின்னாலேயே பைக் வந்து நின்றது.

ரோஸ்லின் இறங்கியதும் மாசானம் தடுமாறிப்போனார். கும்பிட்டார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

"தப்பா எடுத்துக்காதீகம்மா. நாற்காலியில ஏற்கெனவே நீங்க உக்காந்திருக்கீக."

இன்னொரு நாற்காலி வந்தது. இரண்டு டீ வந்தது. ரோஸ்லின் தனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் டீயைக் குடித்தார். போன வருஷத்து அனுபவத்தில் இந்தத் தடவை அவர் ரொம்ப உஷாராக வந்திருந்தார். வாயைத் திறந்தால்தானே வம்பு.

"நான் ஒண்ணுமே சொல்லலைய்யா" என்றார், ஒவ்வொரு வார்த்தையாக. "நீங்களா எப்படியோ இருந்துக்கங்க."

மாசானம் மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு காலி நாற்காலியின் பக்கம் குனிந்து கேட்டார்.

"அப்ப போன வருசம் நீங்க சொன்னதுதானம்மா இப்பவும்?"

காற்றில் புளிய இலை நாற்காலி மேல் உதிர்ந்தது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. மாசானம் நிமிர்ந்து, மெல்லிய குரலில், "ஆமாங்கிறாக" என்றார்.

அய்யாவு பெருமூச்சு விட்டார், சத்தமில்லாமல். கத்தியை மடக்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

வீட்டு வாசலிலிருந்து அழகுநாச்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். சேலைகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராகப் புளியமரத்தடிக்கு வந்து, புருஷனின் வழித்த பக்கத்தை ஒருமுறையும் வழிக்காத பக்கத்தை ஒருமுறையும் பார்த்து, ஊர் கேட்க, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு இலுப்பையேந்தல் பாதையில் நடந்தாள்.

அவள் முதுகு மறைகிற வரை மாசானம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் திரும்பி, மரத்தில் இருந்த கூழைக்கடாக்களையும் இரண்டு நாற்காலிகளையும் பொதுவாகப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

"பாத்துக்கங்க. போறதுன்னா இப்படிப் போகணும்."